படம் வரையிற பீரியடு வீண் பீரியடு இல்லை

(முசிறியில் நடந்த நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் சேமிப்பு எவ்வளவு, கடன் திருப்பம் எவ்வளவு, எந்தக் குழுவில் நிலுவை என்று பேசுவோம். அந்தக் கணக்கையெல்லாம் இன்றைக்கு வாசித்து முடித்தாகிவிட்டது. மிச்சமிருக்கிற அரை மணி நேரத்தில் வேறு ஒரு நிலுவையைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம். இது பேங்க்குக்குக் கட்ட வேண்டிய நிலுவை இல்லை. நம்ம பிள்ளைகளுக்கு நாம் பாக்கி வைத்திருக்கிற நிலுவை.

முதலில் ஒரு கேள்வி. ஹைஸ்கூலில் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். உங்க பிள்ளைக்கு வாரத்தில் என்றைக்கு டிராயிங் பீரியடு? தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்க.

(கூட்டத்தில் இரண்டு பேர் மட்டும் கை தூக்கினார்கள்.)

இரண்டே பேர். கணக்கு டியூஷன் எத்தனை மணிக்கு என்று கேட்டிருந்தால் எல்லாக் கையும் மேலே போயிருக்கும். இதில் உங்களைக் குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் இதே கேள்வியை எங்களிடம் கேட்டிருந்தால் எங்களுக்கும் தெரியாது. "படம் வரைஞ்சா சோறு போடுமா?" என்று சொன்ன வாய்தான் எங்க வாயும்.

நாங்கள் பார்த்தது

நம்ம வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் செய்த ஓவிய, கைவேலைப் பொருள்களைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். டிராயிங் மாஸ்டர் கூட்டமைப்புக்கு வந்து, "பெரும்பாலும் உங்க குழுப் பிள்ளைங்கதான் செஞ்சிருக்காங்க, அவசியம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். மரியாதைக்காகப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வரலாம் என்றுதான் மூன்று பேர் கிளம்பினோம். பத்து நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று நினைத்தோம். இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

நாம் படிக்கிற காலத்தில் வரைந்த படம் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், மேலே நாலு காக்கா. எல்லாப் பிள்ளையும் அதே படம்தான். அந்த மாஸ்டர் முதல் நாளிலேயே பிள்ளைகளிடம் கேட்டாராம்: "உங்க தெருவுல சூரியன் எந்தப் பக்கம் உதிக்குது? அங்க மலை இருக்கா, மாடிவீடு இருக்கா, கரண்டுக் கம்பம் இருக்கா?" பிள்ளைகளுக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் காலையில் பார்த்துவிட்டு வந்து வரையச் சொன்னாராம். அங்கேயிருந்துதான் எல்லாம் ஆரம்பித்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தன்னைச் சுற்றி இருக்கிற ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரம் அதைப் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டாவது வாரம் பழைய நோட்டில் மூன்று நான்கு மாதிரி போட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் எந்தப் பொருளில் செய்வது என்று முடிவு செய்ய வேண்டும். கடையில் வாங்கிய பொருள் கூடாது, கையில் கிடைப்பதில்தான் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. செய்து முடித்த பிறகு வகுப்பில் எழுந்து நின்று, ஏன் இதை எடுத்தேன், எங்கே தப்பு வந்தது, எப்படிச் சரி செய்தேன் என்று சொல்ல வேண்டும். ஐந்து, ஆறு வாரம் ஆகுமாம்.

இரண்டு பெண் பிள்ளைகள் சேர்ந்து கோரையில் காவிரியைச் செய்திருந்தார்கள். பாய் நெய்கிற கொட்டகையில் வெட்டிப் போடுகிற துண்டுக் கோரைதான். ஜூன் 12-க்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு தட்டி. மேட்டூரில் தண்ணீர் திறக்க வழக்கமாகக் குறித்திருக்கிற நாள் அது. முதல் தட்டியில் சாயம் போடாத வெறும் கோரை, நடுவில் மெல்லிசாக ஒரே ஒரு பச்சைக் கோடு. இரண்டாவதில் பச்சையும் நீலமுமாகக் கரை தொட்டு ஓடுகிறது. "எல்லா வருஷமும் அந்தத் தேதிக்குத் திறக்கிறதில்லை, அதனால ரெண்டாவது தட்டியைக் கழட்டி மாட்டுற மாதிரி வெச்சிருக்கோம்" என்று ஒரு பிள்ளை சொல்லிற்று. நாங்கள் சிரித்துவிட்டோம். சிரித்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு ஆற்றுப் பாசனம்.

ஒரு பையன் வாழைப்பட்டையிலும் நாரிலும் ஒரு தோட்டம் செய்திருந்தான். நம்ம தொட்டியம் பக்கம் வாழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். தார் விட்ட நேரத்தில் ஒரு காற்று அடித்தால் போதும், ஒரு வருஷப் பாடு தரையில் கிடக்கும். அவன் செய்ததில் பாதி மரம் சாய்ந்து கிடக்கிறது, மீதிக்கு மூங்கில் முட்டுக் கொடுத்திருக்கிறது. முட்டு எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வு என்பது அப்படியே சரியாக இருந்தது. படிப்பில் கடைசி பெஞ்சுப் பையன் என்று சொன்னார்கள். கவனிப்பதில் அவன் கடைசி பெஞ்சு இல்லை.

அடுப்புக்கரி

மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு அந்தத் தாயிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம். பெயர் வேண்டாம். நம்ம உறுப்பினர்தான்.

அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பு. ஒரு பெரிய வெள்ளைத் தாளில் இரண்டு கை மட்டும் வரைந்திருந்தது. கோரை கிழிக்கிற கை. கட்டை விரலில் கத்தி பட்ட தழும்பு, நகக் கண்ணில் கறை, விரல் மடிப்பில் வெடிப்பு, எல்லாம் இருந்தது. முகமே இல்லை. ஆனால் படத்தைப் பார்த்ததும் எங்கள் மூன்று பேருக்குமே அது யாருடைய கை என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வருஷம் பார்த்த கை!

அந்தத் தாயும் வந்திருந்தார். ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். பிறகு மகளிடம், "என் கை இவ்வளவு அசிங்கமாவா இருக்கு?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை, "அசிங்கம் இல்லம்மா. அப்படித்தான் இருக்கு" என்றது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சொன்னார்: "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி கலர் வாங்க எண்பது ரூபா கேட்டுச்சுக்கா. கொடுக்கலை. அதோட விட்டேனா, அது வரைஞ்சு வெச்சிருந்த தாளையெல்லாம் எடுத்து அடுப்புப் பத்த வெச்சேன். அந்த அடுப்புக் கரியை எடுத்துத்தான் என் கையை வரைஞ்சிருக்கு."

சகோதரிகளே, தாளை அடுப்பில் போட்டது அவர் ஒருவர் மட்டும் இல்லை. எங்களில் ஒருவர் மகனுடைய ஓவிய நோட்டைக் கிழித்துக் கடலை மடித்திருக்கிறார். இன்னொருவர் மகள் களிமண்ணில் செய்து காய வைத்த பொம்மையைக் குப்பை என்று நினைத்து வாரிக் கொட்டியிருக்கிறார். இங்கே உட்கார்ந்திருக்கிற நாம் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் செய்ததுதான். அதனால்தான் இதை நிலுவை என்று சொன்னோம்.

நமக்குத் தெரியாத வித்தையா?

"எங்களுக்கு ஓவியம்னா என்ன தெரியும்?" என்று கேட்பீர்கள். மார்கழியில் பதினைந்து புள்ளி, ஊடு புள்ளி, எட்டில் நிறுத்து என்று மனக்கணக்குப் போட்டு, ஒரு கோடு தப்பாமல் இருட்டில் கோலம் போடுகிறவர்கள் நாம். பாய் நெய்யும்போது எத்தனை வரிக்கு ஒரு சிவப்பு, எத்தனை வரிக்கு ஒரு பச்சை என்று எண்ணிப் போடுவதும் வடிவக் கணக்குதான். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு வரும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தோம்? ஆரத்தித் தட்டில் படித்தோம். நம்ம பாட்டி காலத்திலிருந்து கையில் இருக்கிற வித்தை இது. பிள்ளை செய்தால் மட்டும் ஏன் "வெட்டி வேலை" ஆகிவிடுகிறது?

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். குழுவில் சேர்ந்த புதிதில் நம்மில் பாதிப் பேர் கைநாட்டு. முப்பது வயதுக்கு மேல் பேனா பிடித்தோம். முதல் கோடு போடக் கை எப்படி நடுங்கியது! நாமே ஒரு கோட்டைப் போட்டு, அது நம்ம பேராக ஆனபோது எப்படி இருந்தது! பிள்ளை ஒரு படத்தை முடித்துவிட்டு "அம்மா, பாரு" என்று ஓடி வரும்போது அதற்கும் அப்படித்தான் இருக்கும்.

இந்த மாதிரி வேலையில் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? உற்றுப் பார்க்கிற பழக்கம் வருகிறது. தப்பு வந்தால் அழித்துப் போட்டு மறுபடி செய்கிற பொறுமை வருகிறது. நாலு பேர் முன்னால் எழுந்து நின்று தன் வேலையைப் பற்றிப் பேசுகிற தைரியம் வருகிறது. கூட்டத்தில் எழுந்து பேச நமக்கு எத்தனை வருஷம் ஆனது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் ஆரம்பப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் ஓவியம், கைவேலை கட்டாயப் பாடம். தொழிலில் பேர் எடுத்த நாடு அது. வீண் என்று நினைத்திருந்தால் வைத்திருப்பார்களா?

சட்டத்தில் இருக்கிறது

இது யாரும் நமக்குப் போடுகிற பிச்சை இல்லை. 2009-ஆம் ஆண்டு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது: 6 முதல் 8 வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருக்கிற பள்ளியில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் இருக்க வேண்டும். 2005-இல் வெளிவந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும், பத்தாம் வகுப்பு வரை கலையை ஒரு பாடமாகவே நடத்த வேண்டும் என்று சொல்கிறது.

நம்ம மாநிலத்தில் 2012-ஆம் ஆண்டு ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. அப்போது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. பிறகு சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. இவர்கள் 6, 7, 8 வகுப்புகளுக்காகப் போடப்பட்டவர்கள். நாங்கள் சொன்ன மாஸ்டரும் அப்படிப்பட்டவர்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க அவருக்குக் கடமை இல்லை. பிள்ளைகள் கேட்டதால் சாயங்காலம் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறார்.

2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கலைத் திருவிழா நடத்த ஆரம்பித்தார்கள். பள்ளி அளவு, வட்டார அளவு, மாவட்ட அளவு, மாநில அளவு என்று படிப்படியாகப் போட்டி. பாட்டு, நடனம், நாடகத்தோடு ஓவியமும் களிமண் வேலையும் அதில் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மட்டும் பிள்ளையைக் கூப்பிட்டு "வரை" என்றால் எப்படி? வருஷம் முழுக்க தண்ணி விடாமல், அறுப்புக்கு மட்டும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு போகிற கதைதான். வாரா வாரம் பீரியடு நடக்க வேண்டும். பல பள்ளிகளில் அந்தப் பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். அதை ஏன் என்று கேட்க வேண்டியவர்கள் பெற்றோராகிய நாம்தான்.

பக்கத்துத் தாலுகாவிலிருந்து ஒருவர்

"இதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு செய்தி. துறையூர்ப் பக்கம் கீரம்பூர் என்று ஒரு ஊர். அந்த ஊரில் 1938-இல் பிறந்தவர் கே.எம். ஆதிமூலம். சின்ன வயதிலிருந்தே படம் வரைகிற ஆசை. 1959-இல் சென்னைக்குப் போனார். சிற்பி தனபால் அவர்களின் ஆதரவு கிடைத்து, அங்குள்ள அரசு ஓவியக் கல்லூரியில் சேர்ந்து 1966-இல் படிப்பை முடித்தார். 1969-இல் காந்தி நூற்றாண்டு வந்தபோது அவர் காந்தியைக் கறுப்புக் கோடுகளாலேயே வரிசையாக வரைந்த படங்கள் நாடெங்கும் பேசப்பட்டன. கி. ராஜநாராயணன் எழுதிய 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குப் படம் போட்டவரும் அவர்தான். எத்தனையோ தமிழ்ப் புத்தகங்களின் அட்டையும் தலைப்பு எழுத்தும் அவர் கைவண்ணம். 2008 ஜனவரியில் காலமானார். நம்ம பக்கத்துத் தாலுகா மனிதர். அவர் பேரை இந்தக் கண்காட்சிக்குப் போகிற வரைக்கும் நாங்கள் கேட்டதில்லை. நம்ம பிள்ளைகளும் கேட்டதில்லை.

அவர் படித்த கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்தது. இன்றைக்கு அது சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. கும்பகோணத்திலும் ஒரு அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. திருச்சி, தஞ்சாவூர் வழியாக நாம் பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் நாலு வருஷப் பட்டப்படிப்பில் சேரலாம். சேரும்போது படம் வரையச் சொல்லித் திறமையைப் பார்ப்பார்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிற தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலை உண்டு. பள்ளியில் படிக்கும்போதே லோயர் எழுதி வைத்துக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ஓவியம் படித்தால் உடனே கவர்மென்ட் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆசிரியர் வேலை குறைவு. சம்பளக் கதையையும் இப்போதுதான் கேட்டீர்கள். துணிக்கு டிசைன் போடுவது, விளம்பரம், புத்தகம், கம்ப்யூட்டரில் வரைவது என்று தனியாரில் வழி இருக்கிறது. ஆனால் உழைக்க வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். எல்லாப் பிள்ளையும் ஓவியர் ஆக வேண்டியதும் இல்லை. கணக்குப் படிக்கிற பிள்ளை எல்லாம் கணக்கு வாத்தியாரா ஆகிறது? வாழைத்தோட்டம் செய்த பையன் நாளைக்கு நல்ல விவசாயி ஆனால் அதுவும் லாபம்தான்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம்ம உறுப்பினர்கள் பலர் அந்தக் குழுக்களில் இருக்கிறார்கள். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். அடுத்த கூட்டத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். "நம்ம ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர் இருக்காரா?" "இருந்தா, போன மாசம் எத்தனை பீரியடு நடந்துச்சு?" சண்டை வேண்டாம். கேட்டு, பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதி வைத்தால் மறுபடி கேட்கலாம்.

இரண்டாவது, பொருள். கோரைக் கொட்டகையில் துண்டுக் கோரை, தையல் செய்கிறவர்கள் வீட்டில் வெட்டுத் துணி, வாழைத் தோட்டத்தில் பட்டை, நார், தேங்காய் ஓடு எல்லாம் சும்மா கிடக்கிறது. மாதம் ஒரு மூட்டை சேர்த்துப் பள்ளிக்குக் கொடுத்தால் நமக்குச் செலவு ஒரு பைசா இல்லை. தாள், வண்ணம் வாங்கத்தான் காசு வேண்டும். அதற்கு நூறு, இருநூறு ரூபாயைக் குழுவில் சிறுகடனாகக் கொடுக்கலாம் என்று தீர்மானம் போடலாம். காது குத்துக்குக் கொடுக்கிறோம், இதற்குக் கொடுக்க மாட்டோமா?

மூன்றாவது, வீடு. பிள்ளை எதையாவது செய்துகொண்டு வந்தால் "இதுக்கு எவ்வளவு மார்க்கு?" என்று கேட்காதீர்கள். "இது என்னடா கண்ணு, எப்படிச் செஞ்ச?" என்று கேளுங்கள். அது சொல்லும். சொல்லி முடிக்கிற வரைக்கும் கையில் இருக்கிற வேலையைக் கொஞ்சம் கீழே வையுங்கள். அவ்வளவுதான்.

கடைசியாக, அந்தக் கைப் படம் வரைந்த பிள்ளையைப் பற்றி. வருகிற வருஷம் பத்தாம் வகுப்பு. "பப்ளிக் எக்ஸாம் வருது, இனிமே படம் கிடம் எல்லாம் மூட்டை கட்டு" என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்பா பத்தாவதோடு நிறுத்திவிடலாம் என்கிறார். அம்மா பன்னிரண்டாவது வரைக்கும் படிக்க வைப்பேன் என்று நிற்கிறார். கும்பகோணம் வரைக்கும் அனுப்புவாரா என்று கேட்டோம். "இப்ப அதைக் கேக்காதீங்கக்கா. முதல்ல பன்னெண்டு முடிக்கட்டும்" என்றார். இன்னும் முடிவாகவில்லை. நல்லபடியாக முடிந்தது என்று சொல்லத்தான் எங்களுக்கும் ஆசை. ஆனால் பொய் சொல்ல முடியாது. அந்தத் தாய் தனியாக நிற்கக் கூடாது. அவர் குழுவில் இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போய் அந்த அப்பாவிடம் தன்மையாகப் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கூட்டமைப்பிலிருந்து நாங்களும் போகிறோம்.

இப்போதைக்கு நடந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தப் படத்தை அவர் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போய், அடுப்புப் புகை படாத சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, பாஸ் புத்தகத்தோடு உங்க பிள்ளை செய்த ஒரு பொருளையும் கொண்டு வாருங்கள். படம், மண் பொம்மை, கோரை வேலை, எதுவானாலும் சரி. இந்த ஹால் சுவர் முழுக்க காலியாகத்தான் இருக்கிறது. வட்டி விகிதத் தாளுக்குப் பக்கத்தில் மாட்டி வைப்போம்.